முனை முறிந்த பேனாக்கத்தி

பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். என் ஒப்பினெல் கத்தியின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் போய்விட்டது. வளையவே இல்லை, நேராக முறிந்தது. முறிந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால், நுண்ணிய மணலை ஒட்டி வைத்ததுபோல மங்கிய சாம்பல் நிறம்.

பிரான்சின் சவுவா மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய மடக்குக் கத்தி இது. பீச் (beech) மரத்தில் பிடி, ஒரே ஒரு அலகு. விரித்த அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. என்னுடையது 8-ஆம் எண். எட்டரை சென்டிமீட்டர் அலகு, துருப்பிடிக்கும் பழைய கார்பன் எஃகு.

ஏன் வளையாமல் முறிந்தது? இந்த வகை எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.9 சதவீதம். சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால், கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பு அணுக்களின் அடுக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுக்கு விறைத்துப் போகும். எஃகு கடினமாகிவிடும், ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும். அதனால் மறுபடி 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, அந்த விறைப்பைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கொஞ்சம்தான், நிறையத் தளர்த்தினால் கூர் நிற்காது. வெட்டுவதற்கு இது அருமையான எஃகு. நெம்புவதற்கு இல்லை.

பழுதுபார்க்கும்போது எதிரி சூடுதான். மின்சாணையில் வைத்தால் ஒரே நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் நுனி மெல்லியது, சூடு பரவ இடமே கிடையாது. சில நொடிகளில் வைக்கோல் நிறம் தெரியும், அப்புறம் ஊதா, பிறகு நீலம். நீலம் வந்தால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கே எஃகு இளகிவிட்டது. எத்தனை முறை தீட்டினாலும் கூர் சீக்கிரம் மழுங்கும். நான் கரடான சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக் கையால்தான் தேய்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது, நுனி விரலில் சுடவே இல்லை.

இன்னொன்று, எந்தப் பக்கத்திலிருந்து தேய்ப்பது என்பது. வாய்ப்பக்கம் தேய்த்து மேலே கொண்டுபோனால், புது முனை முதுகின் மட்டத்தில் நிற்கும். கத்தியை மடக்கும்போது அது பிடியின் பள்ளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு, சட்டைப்பையில் கைவிடும்போது குத்தும். முதுகுப்பக்கம் தேய்த்துக் கீழே இறக்கினால் முனை பள்ளத்துக்குள் ஆழமாக ஒளிந்துகொள்ளும். வெட்டும் வாயும் அப்படியே மிஞ்சும்.

சரி, பிடிக்கு வருவோம். மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்கே உப்பும். பீச் மரம் அதிகமாகவே உப்பும். பள்ளத்தின் இரு சுவர்களும் நெருங்கி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். சவுவாக்காரர்கள் வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் வால்நுனியைக் கெட்டியான இடத்தில் தட்டி அலகை வெளியே எகிற வைப்பார்கள். நான் பள்ளத்தின் உள்சுவரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசினேன். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, ஈரத்தின் வேகத்தைக் குறைக்கிறது. அப்படிச் சேரும்போது சூடும் பிறக்கும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். என் துணியை விரித்துக் கொடியில் காயப்போட்டேன்.