ஸ்லிங்கின் சாய்வில் கூடும் பாரம்

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில், 2 டன் எஃகு உத்தரத்தைப் பாரந்தூக்கியால் தூக்குவதற்குச் சற்று முன், புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த இளம் ரிக்கர் (பாரத்தை ஸ்லிங் எனும் கயிறு அல்லது பட்டையால் கொக்கியோடு இணைப்பவர்) என்னிடம் கேட்டார்: "அண்ணே, ரெண்டு டன்னை ரெண்டு ஸ்லிங் தூக்குது, ஒண்ணுக்கு ஒரு டன்தானே? இது ஒன்றரை டன் ஸ்லிங், தாங்கும்ல?"

அவர் கணக்கில் விடுபட்டது சாய்வு. ஸ்லிங் செங்குத்தாகத் தொங்கினால்தான் பாதி எடை அதன் பங்கு. சாயச் சாய, அந்தப் பாதி எடையைக் கிடைமட்டத்தோடு அது அமைக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். 60 பாகையில் 1.15 டன், 45 பாகையில் 1.41 டன், 30 பாகையிலோ முழு 2 டன். அதோடு, 30 பாகையில் இரு ஸ்லிங்குகளும் உத்தரத்தை ஏறக்குறைய 1.7 டன் விசையுடன் உள்நோக்கி நெருக்கும் என்பதால், மெலிந்த பொருள் வளைந்தும் போகலாம்.

கோணத்தை அளக்கக் கருவி தேவையில்லை, அளவு நாடாவே போதும். கொக்கிக்கும், உத்தரத்தில் ஸ்லிங்குகளை மாட்டும் தூக்குவளையங்களின் மட்டத்துக்கும் இடையிலான உயரத்தை ஸ்லிங்கின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பதே சைன். அன்று வளையங்களுக்கிடையே 5.2 மீட்டர், ஸ்லிங் 3 மீட்டர். பிதாகரஸ் தேற்றப்படி உயரம் வெறும் 1.5 மீட்டர்; அதாவது சைன் 0.5, கோணம் 30 பாகை. ஆகவே ஒன்றரை டன் ஸ்லிங்கில் 2 டன் விழுந்திருக்கும். வளையங்களின் இடைவெளிக்குக் குறையாத நீளத்தில் ஸ்லிங்கைத் தேர்ந்தெடுத்தால் கோணம் 60 பாகைக்குக் கீழே இறங்காது என்பதை நான் எல்லா ரிக்கர்களிடமும் வற்புறுத்துவேன்.

எந்தக் கோணத்தில் ஸ்லிங் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் பாரப் பட்டியலைப் படிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. சில பட்டியல்கள் கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்தும், சில செங்குத்திலிருந்தும், வேறு சில இரு ஸ்லிங்குகளுக்கு இடையிலும் கணக்கிடுகின்றன. செங்குத்திலிருந்து 60 பாகை என்பது கிடைமட்டத்திலிருந்து 30 பாகை.

சிங்கப்பூரில் பாரந்தூக்கி இயக்கம் தொடர்பான 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் தூக்குத் திட்டத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. அதில் எடையை எழுதிவிட்டு ஸ்லிங்கின் கோணத்தை வெற்றிடமாக விடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

அன்று 6 மீட்டர் ஸ்லிங்குகளை வரவழைத்தோம். அந்த இளைஞரே கணக்குப் போட்டு, உயரம் 5.4 மீட்டர், ஒவ்வொன்றிலும் 1.11 டன் என்று திட்டத்தாளில் எழுதிய பிறகே சிக்னல்மேன் கை உயர்த்தினார்.