விழுந்த பிறகு சைக்கிளை யார் வாங்கிவைப்பது?

ரொரன்ரோவின் ஸ்காபரோவில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ற்) வேலை செய்கிறேன். பனி கரைந்து காட்டுத் தடங்கள் காய்ந்ததும் என்னிடம் வருகிறவர்களில் ஒரு கூட்டம் புதிதாகச் சேரும். மணிக்கட்டு வீங்கியிருக்கும், அல்லது தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால், "டொன் வலியில விழுந்திட்டன்" என்பார்கள்.

"டொன் வலி" (Don Valley) என்பது ரொரன்ரோவை ஊடறுத்துப் பாயும் டொன் ஆற்றின் பள்ளத்தாக்கு. அங்கே குரொதர்ஸ் வூட்ஸ் என்றொரு காடு இருக்கிறது. மேப்பிளும் ஓக்கும் நிற்கும் அந்தச் சரிவுகளில் மவுண்டன் பைக் ஓடக்கூடிய ஒற்றையடித் தடங்கள் உண்டு. வேர்கள், குறுக்கே கிடக்கும் மரக்குற்றிகள், சட்டென்று இறங்கும் வளைவுகள். சனிக்கிழமை காலையில் அங்கே போகும் குழுக்களில் இப்போது நம்மவர்களும் இருக்கிறார்கள். பலர் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை என்று சைக்கிளிலேயே திரிந்தவர்கள். இங்கே வந்து வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று அலைந்து, நாற்பது வயதில் மறுபடியும் ஒரு சைக்கிளும் நாலு சிநேகிதர்களும் கிடைத்திருக்கிறார்கள். முதுகுவலிக்கு நான் சொல்லும் பயிற்சிகளை வீட்டில் தொட்டும் பார்க்காத ஒருவர், "சனிக்கிழமை பெடியளோட ஓட வேணும்" என்பதற்காகவே ஒழுங்காகச் செய்து தேறியதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிநேகிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஒருவர் விழுந்த பிறகு வரும் முதல் பத்து நிமிடங்களில் இதே சிநேகிதம் ஆளைக் கெடுத்துவிடவும் கூடும்.

போன வருடம் 44 வயதுக்காரர் ஒருவர் வந்தார். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாலு பேராகப் போன இடத்தில், ஈரமான மரக்குற்றியில் முன்சில்லு வழுக்கித் தலைகுப்புற விழுந்திருக்கிறார். ஹெல்மெற் வெடித்துவிட்டது. மயக்கம் இல்லை. எழும்பி நின்று சிரித்திருக்கிறார். நண்பர்கள் மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்டுமில்லை மச்சான், ஏறு" என்று சைக்கிளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். மீதித் தடத்தையும் ஓடி முடித்தார். கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும், "நாங்கள் எந்தப் பக்கத்தால வந்தனாங்கள்?" என்று மூன்று தரம் கேட்டிருக்கிறார். பகிடி விடுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு அவரே கார் ஓடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அன்றிரவு தொடங்கிய தலையிடி. என்னிடம் வந்தபோது ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. கணினித் திரையை இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை, பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. அவரைக் கூட்டிவந்தவர் அந்த நாலு பேரில் ஒருவர். வெளியே வைத்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நாங்கள் ஏத்திவிட்டதாலதான் இப்பிடியோ?" ஆம், இல்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத கேள்வி அது. ஆனாலும் கன்கஷன் எனப்படும் மூளையதிர்வுக்குப் பிறகு விளையாட்டைத் தொடர்ந்தவர்கள் தேறுவதற்குக் கூடுதல் காலம் எடுக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதை அவருக்கு மறைக்கவில்லை.

கன்கஷன் வந்தால் மயங்கி விழ வேண்டும் என்றில்லை. பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. ஹெல்மெற் மண்டையோட்டைக் காக்கும், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. கேட்டதையே திரும்பக் கேட்பது, பதில் சொல்லச் சுணங்குவது, வெறித்துப் பார்ப்பது, நிலை தடுமாறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலே கன்கஷன் என்று சந்தேகிக்கப் போதும். விழுந்தவரிடம் "நீ சரியோ?" என்று கேட்டுப் பயனில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய மூளைதான் அடிபட்டிருக்கிறது. அவரை அன்றாடம் அறிந்த நண்பனுக்குத்தான் அந்தச் சிறு மாற்றம் தெரியும்.

2013இல் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, பள்ளி ரக்பி அணியின் தலைவி, ஒரே வாரத்துக்குள் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்துபோனார். தனக்குக் கன்கஷனாக இருக்கலாம் என்று நண்பர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். பெற்றோருக்குத் தெரியாது. அந்த நண்பர்களும் பிள்ளைகள்தானே, அவர்களை எப்படிக் குறை சொல்வது? அந்த மரணத்தின் பிறகு 2018இல் ஒன்ராறியோ மாகாணத்தில் ரோவன் சட்டம் வந்தது. சந்தேகம் வந்தாலே விளையாடுபவரை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் பார்த்த பிறகுதான் முழுமையாகத் திரும்பலாம் என்பது அதன் சாரம். ஆனால் அது பள்ளிகளுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்குமானது. நமது சனிக்கிழமைக் குழுவுக்குப் பயிற்றுநரும் இல்லை, நடுவரும் இல்லை. வெளியே எடுக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர்தான்.

ஆகவே தலையில் அடிபட்டவரிடமிருந்து முதலில் சைக்கிளை வாங்கிவையுங்கள். உருட்டிக்கொண்டு நடக்கட்டும். கார்ச் சாவியையும் வாங்குங்கள். வீட்டில் மனைவிக்கோ பெற்றோருக்கோ நடந்ததை நீங்களே சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார். முதல் சில மணி நேரம் தனியே விடாதீர்கள். அடுத்த நாள், இரண்டு நாளுக்குள் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, கைகால் விறைப்பு, நித்திரை மயக்கம், கழுத்தில் நோவு என்றால் ஆளை அசைக்காமல் உடனே அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். "டொன் வலிக்குள்ள நிக்கிறம்" என்றால் அம்புலன்ஸ்காரர் எங்கே தேடுவது? எந்த வாசலால் உள்ளே போனீர்கள் என்பதையும், தொலைபேசி வரைபடம் காட்டும் இடத்தையும் சொல்லி, ஒருவரை அந்த வாசலில் நிற்க அனுப்புங்கள்.

இன்னும் இரண்டு காயங்கள் இருக்கின்றன, "ஒண்டுமில்லை" என்று விட்டுவிட்டு வருவார்கள். ஒன்று, ஹான்டில் முனை வயிற்றில் குத்துவது. வெளியே காசளவு கண்டல்தான் தெரியும், உள்ளே ஈரலோ மண்ணீரலோ கணையமோ காயப்பட்டிருக்கலாம். நோவு பல மணி நேரம் கழித்தும் வரும். மற்றது, கையூன்றி விழுந்த பிறகு பெருவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டுக் குழியில் நோவு. அங்கே உள்ள ஸ்கபொயிட் என்ற சிறு எலும்பின் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால், விட்டால் பொருந்தாமலே போய்விடலாம். நோவு நிற்காவிட்டால் பத்துப் பதினாலு நாளில் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெடித்த ஹெல்மெற்றை அன்றே குப்பையில் போடுங்கள். வெடிப்புத் தெரியாவிட்டாலும் பலமாக அடிபட்டதை மாற்றத்தான் வேண்டும். மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் போகாதீர்கள், தடமும் சிதையும், ஆளும் வழுக்குவார்.

அந்த 44 வயதுக்காரர் நாலு மாதத்துக்குப் பிறகு தடத்துக்குத் திரும்பினார். முதலில் நடை, பிறகு என் கிளினிக்கில் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், பிறகு தார் வீதி, வைத்தியர் சம்மதித்த பிறகு காடு. அவருடைய குழு இப்போது ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறது: யாராவது விழுந்தால், நாலு பேரில் ஒருவர் "போதும்" என்றாலே எல்லோரும் வீட்டுக்கு. விழுந்தவருக்கு அதில் வாக்கு இல்லை. ஜூலையில் ஒரு நாள் அப்படித் திரும்பி வந்து, பதினொரு மணிக்கே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.