தொலெமி: பெயரும் அதன் தமிழ் வடிவமும்

பண்டைய எகிப்தை ஆண்ட கிரேக்க மரபின் அரசர்களுக்கும் ஒரு பழைய வானியலாளருக்கும் உரியதாய், தாலமி, டாலமி, தொலமி, பிடோலமி எனத் தமிழில் பலவாறு எழுதப்படும் பெயரின் கிரேக்க மூலம் 'ப்தொலெமாயோஸ்' என்பதாகும். கிரேக்கத்தில் போருக்குப் பொதுச் சொல் 'பொலெமோஸ்'. ஹோமரின் காவிய நடையில், நகரத்தைக் குறிக்கும் 'பொலிஸ்' 'ப்தொலிஸ்' என்றும் வருவதைப் போல, இச்சொல்லும் 'ப்தொலெமோஸ்' என்று வரும். அதனோடு 'உரியவன், சார்ந்தவன்' என்ற பொருளைத் தரும் விகுதி சேர்ந்து, 'போருக்கு உரியவன்' என்னும் ஆட்பெயர் உருவாயிற்று. ஹோமரின் காவிய வீரன் அகில்லெஸின் மகன் நெயொப்தொலெமோஸின் பெயரிலும் இதே சொல் ஒளிந்திருக்கிறது. பொருளை மட்டும் தமிழாக்குவதென்றால், 'பொரு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'பொருநன்' என்ற பழஞ்சொல் ஏறத்தாழ நேராக நிற்கும்.

ஹோமரின் இலியட் காவியத்தில் அகமெம்னன் என்னும் அரசனின் தேர்ப்பாகன் யூரிமெதோன் 'ப்தொலெமாயோஸின் மகன்' என்றே அறிமுகமாகிறான். ஆகவே இது எகிப்திய அரசர்களுக்கென உண்டாக்கப்பட்ட பட்டமன்று. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே வழங்கிய பெயர். அதை உலகறியச் செய்தவர், அலெக்சாந்தரின் படைத்தலைவரும் லாகோஸின் மகனுமான மாசிடோனியர் முதலாம் தொலெமி. கி.மு. 323இல் அலெக்சாந்தர் இறந்தபின் எகிப்து அவர் கைக்கு வந்தது, கி.மு. 305 அளவில் அவர் அரசர் என்ற பட்டத்தையும் சூடிக்கொண்டார். அவர் மரபில் வந்த ஆண் அரசர் எல்லோரும், கி.மு. 30இல் கொல்லப்பட்ட, ஏழாம் கிளியோபாத்ராவின் மகன் சீசரியோன் வரை, இந்த ஒரே பெயரைத் தாங்கினர். முதலாம், இரண்டாம் என்று 15 வரை நாம் எண்ணுவது பிற்கால வரலாற்றாசிரியரின் வசதிக்கான வழக்கு. அக்காலத்தவர் அடைமொழியால்தான் வேறுபடுத்தினர். முதலாமவர் 'சோத்தேர்', அதாவது காப்பவர். இரண்டாமவர் 'பிலதெல்போஸ்', உடன்பிறந்தாரிடம் அன்புடையவர். நான்காமவர் 'பிலோபாத்தோர்', தந்தையிடம் அன்புடையவர். இவை அரசவை சூட்டியவை. அலெக்சாந்திரிய மக்களுக்கு வேறு சுவை இருந்தது: எட்டாமவரைத் தொப்பையர் என்றும், ஏழாம் கிளியோபாத்ராவின் தந்தையான பன்னிரண்டாமவரைக் குழலூதி என்றும் அவர்கள் வழங்கினர்.

இந்த வரிசைக்குள் அடங்காத அரசர்களும் உண்டு. முதலாமவரின் மூத்த மகன் தொலெமி கெரௌனோஸ், 'இடி' என்ற அடைமொழியோடு, எகிப்தையன்றி மாசிடோனியாவை இரண்டாண்டு மட்டும் ஆண்டு, கி.மு. 279இல் கெல்திய இனத்தாரான கால்லியரோடு நேர்ந்த போரில் மாண்டான். வடஆப்பிரிக்காவிலிருந்த மௌரித்தானியாவின் கடைசி அரசனான தொலெமி, கிளியோபாத்ராவுக்கும் மார்க் அந்தோணிக்கும் பேரன், அவனைக் கி.பி. 40இல் உரோமப் பேரரசன் காலிகுலா கொல்வித்தான்.

இவர்கள் எவரோடும் உறவில்லாதவர் வானியலாளரும் புவியியலாளருமான கிளாடியஸ் தொலெமி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த அவர் காலத்தில் அரச மரபு அழிந்து நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. எகிப்திலோ அப்பெயர் எளிய மக்களிடமும் பரவலாக வழங்கியது. முற்பெயரான கிளாடியஸ், அவர் உரோமக் குடியுரிமை பெற்றவர் என்பதைக் காட்டுகிறது. ஆனாலும் இடைக்கால ஐரோப்பிய ஓவியர் அவரையும் அரசராக்கி முடி சூட்டிவிட்டனர். ரபேல் தீட்டிய ஏதென்சுப் பள்ளி ஓவியத்தில்கூட அவர் தலையில் மகுடத்துடனும் கையில் உலக உருண்டையுடனும் நிற்கிறார். பெயரொற்றுமை விளைத்த குழப்பத்துக்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

இனி எழுத்துக்கு வருவோம். முதலில் நிற்கும் 'ப்' கிரேக்கத்தில் ஒலிக்கும் எழுத்தே. கி.மு. 196ஆம் ஆண்டின் ரொசெட்டாக் கல்லில், ஐந்தாம் தொலெமியின் பெயர் எகிப்தியப் பட எழுத்தில் நீள்வட்டத்துக்குள் 'ப்', 'த்' என்றே தொடங்குகிறது. 1822இல் பிரெஞ்சு அறிஞர் சம்போலியோன் அவ்வெழுத்துகளின் ஒலியை வெளிப்படுத்தியபோது, இப்பெயரையும் கிளியோபாத்ராவின் பெயரையும் ஒப்பிட்டு, இரண்டிலும் பொதுவாக வந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டே முன்னேறினார்.

ஆங்கிலத்தில் அந்த 'ப்' எழுதப்படும், ஒலிக்கப்படாது. அதனால் தமிழில் அதை விடுவது ஆங்கிலத்தைப் பின்பற்றுவதாகும் என்று கருதி, 'பிடோலமி' என எழுதுவோர் உளர். அது தேவையற்ற அச்சம். அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, இரண்டாம் தொலெமியை 'துரமய', 'துலமய' என்ற வடிவங்களில் குறிக்கிறது. சொல் முதலில் 'ப்த்' போன்ற மெய்மயக்கத்தை ஏற்காத பிராகிருதம், ஆங்கிலம் என்றொரு மொழி தோன்றுவதற்கு முன்பே 'ப்'பைக் கழற்றிவிட்டது. அதே கல்வெட்டுத்தான் தெற்கே சோழரையும் பாண்டியரையும் சொல்கிறது. லிபியாவில் தொலெமாயிஸ் என்ற பழைய நகரம் இருந்த இடமும் இன்று தொல்மேத்தா எனப்படுகிறது. அங்கும் 'ப்' இல்லை.

உண்மையில் ஆங்கிலத்தின் சாயல் படிந்திருப்பது உயிரெழுத்தில்தான். 'தாலமி'யின் 'ஆ', 'டாலமி'யின் 'டா' இரண்டும் ஆங்கில ஒலிப்பிலிருந்து வந்தவை. போதாக்குறைக்கு, 'ட' தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராத எழுத்து. கிரேக்கத்தில் உள்ளவை பல்லொலியான 'த்', குறிலான 'ஒ', குறிலான 'எ'. இம்மூன்றும் தமிழில் குறையின்றி இருக்க, அவற்றை விட்டு ஆங்கில வழியே சுற்றிவரக் காரணமில்லை. ஆண்பால் விகுதியோடு 'தொலெமாயன்' என்பது மூலத்துக்கு இன்னும் நெருக்கமானதே. ஆனால் படிப்பவர் யாரென்று அறியாமல் திகைப்பர். எனவே 'தொலெமி' என்பதே தக்க வடிவம். பெயரைப் பொருநன் என மொழிபெயர்ப்பது விளக்கத்துக்கு உதவுமேயன்றி வழக்குக்கு ஆகாது; அடைமொழிகளையோ தாராளமாகத் தமிழாக்கலாம். 'காப்பவர் தொலெமி', 'குழலூதி தொலெமி' என்று எழுதினால், வெறும் எண் சொல்லாத செய்தியைப் பெயரே சொல்லிவிடும். புவியியலாளரைக் குறிக்கையில் மட்டும் 'கிளாடியஸ்' என்ற முற்பெயரை விடாமல் எழுதுவது நன்று.

அயற்பெயரைத் தம் மொழியின் நாவுக்கேற்பத் திருத்துவதில் அந்தப் புவியியலாளருக்கே தயக்கம் இருந்ததில்லை. அவர் நூலில் பாண்டியரின் மதுரை 'மொதூரா', கொற்கை 'கொல்கோய்', காவிரியின் கழிமுகத் துறைமுகம் 'கபேரிஸ்'.