முட்டுச்சந்து

அமெரிக்கப் புறநகர்களைப் பற்றிப் படித்தால் ‘கல்-டி-சாக்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். ஒரு பக்கம் மட்டுமே திறந்த தெரு. கடைசியில் கார் திரும்ப வட்டமாக ஓர் இடம், அதைச் சுற்றி நாலைந்து வீடுகள்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. நேர்ப்பொருள் ‘பையின் அடி’. கையை விட்டுத் துழாவினால் அதற்கு மேல் போக இடமில்லை, வந்த வழியேதான் வெளியே எடுக்க வேண்டும். அடி என்பதற்கு அங்கே வழங்கும் சொல் பிட்டத்தையும் குறிக்கும். அது பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேருக்குப் பிடிக்கவில்லை; ‘அம்பாஸ்’ என்ற சொல்லை முன்வைத்தார். பிரான்சில் தெருப் பலகைகளில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

சரி, தமிழில்? புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். “நேராப் போகாதீங்க, அது முட்டுச்சந்து” என்று பெட்டிக்கடைக்காரர் சொல்வதே போதும். முட்டு என்றால் மோதல், தடை. சந்து குறுகலான தெரு. இரண்டு பொருந்தும் மூட்டுக்கும் அதே பெயர். சேர வேண்டியது சேராமல் சுவரில் போய் முட்டுகிறது. பிரெஞ்சுச் சொல்லைவிட இது எனக்கு நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் நகரம் பரவும்போது நடப்பதே இதுதான்.

கட்டம் கட்டமாகப் போட்ட பழைய தெருக்களில் ஓர் இடத்துக்குப் போக நாலு வழி இருக்கும். முட்டுச்சந்துகள் நிறைந்த குடியிருப்பில் எல்லா வண்டியும் ஒரே பெருஞ்சாலையில்தான் வந்து விழ வேண்டும். கொல்லைப்புறச் சுவர் ஒன்றாக இருக்கும் அண்டை வீட்டுக்குப் போகவும் ஊரைச் சுற்ற வேண்டும். பேருந்து உள்ளே வராது. பால் வாங்கக்கூட கார்தான்.

சந்திப்புகளில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று கணக்கிட்டு, பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் தெருக்கள் ஒன்றோடொன்று சேராத இந்தத் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சம் தொட்டு, அப்புறம் குறையத் தொடங்கியது என்கிறது அது. ஆனால் ஏற்கெனவே போட்ட தெரு போட்டதுதான். வீட்டை இடித்துக் கட்டுவார்கள், தெருவின் கோடு அப்படியே நிற்கும்.

ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. 1929இல் நியூ ஜெர்சியில் உருவான ராட்பர்ன் என்ற குடியிருப்பிலும் முட்டுச்சந்துகள்தான். ஆனால் வீடுகளின் மறுபக்கம் பூங்காவுக்கும் பள்ளிக்கும் நடைபாதை ஓடுகிறது. அங்கே முட்டுவது கார் மட்டும். பின்னால் வந்த புறநகர்களில் பெரும்பாலானவை முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டன.