கண்டல் கழி

துபாயில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அல் ஃபாஹிதி பழைய குடியிருப்பில் ஒரு வீட்டின் கூரை, கீழிருந்து அண்ணாந்து எடுத்தது. மணிக்கட்டைவிடச் சற்றுத் தடித்த கழிகள் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகக் கிடக்கின்றன. புகையிலும் காலத்திலும் கறுத்துவிட்டன. மேலே ஈச்சம்பாய், அதற்கு மேலே மண். பக்கத்துப் பலகையில் ‘மாங்குரோவ் கழிகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதாம். “இதைத் தமிழில் எப்படி எழுதுவது? அலையாத்திக் கட்டைன்னு போட்டா சரியா?” என்று கேட்டிருந்தார்.

சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல, மாங்குரோவ் என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஸ்பானியர் ‘மாங்லே’ என்றார்கள், போர்த்துக்கீசியர் ‘மாங்கே’ என்றார்கள். கரீபியத் தீவுகளில் இருந்த தாய்னோ மக்களின் பேச்சிலிருந்து ஸ்பானியர் இதை எடுத்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘மாங்ரோ’ என்றுதான் இருந்தது. தோப்புக்கு ஆங்கிலத்தில் ‘குரோவ்’ என்பதால், மரங்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தவர்கள் வாலை மாற்றி ‘மாங்குரோவ்’ ஆக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் தோப்பு, காது தவறாகக் கேட்டதில் முளைத்த தோப்பு.

இன்று அந்தச் சொல் ஒரு மரத்தைக் குறிப்பதில்லை. ஏற்றவற்றத்தில் உப்புநீர் வந்து போகும் சேற்றில் வாழப் பழகிய மரங்கள் எல்லாம் மாங்குரோவ்தான். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்கள், உலகம் முழுக்கச் சுமார் 70 இனங்கள். ஆகவே ‘மாங்குரோவ் கட்டை’ என்பது ‘மலைக்காட்டுக் கட்டை’ என்பது மாதிரி. தேக்கா, இலவா என்று அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும்.

தமிழில் இதற்கு நாலைந்து பெயர்கள் புழங்குகின்றன. பாடப்புத்தகம் ‘சதுப்புநிலக் காடு’ என்கிறது. பள்ளிக்கரணையும் சதுப்புநிலம்தான், அதை யாரும் மாங்குரோவ் என்பதில்லை. அடுத்தது நண்பர் சொன்ன ‘அலையாத்தி’. 2004 சுனாமிக்குப் பிறகு அடிக்கடி காதில் விழுந்த சொல். அலையை ஆற்றுவது, அதாவது வேகத்தைத் தணிப்பது, அலையாற்றி, பேச்சில் அலையாத்தி. டீயை ஆத்துகிற அதே ஆத்து. ஆத்தி என்ற மரப்பெயரோடு சேர்த்து அலை + ஆத்தி என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு முதல் பிரிப்பே இயல்பாகப் படுகிறது. எப்படிப் பிரித்தாலும் அது காட்டுக்கு நல்ல பெயர். கூரையில் ஏறிக் காய்ந்து கிடக்கும் கழி எந்த அலையை ஆற்றுகிறது?

பிச்சாவரத்தில் படகில் போனால் ‘சுரபுன்னைக் காடு’ என்று சொல்லக் கேட்கலாம். விழுதுபோலக் கால் ஊன்றி நிற்கும் ரைசோபோராவை அங்கே சுரபுன்னை என்பார்கள். ஆனால் அகராதியைப் புரட்டினால் சுரபுன்னை என்பது மணமுள்ள பூ பூக்கும் வேறொரு மரம், புன்னைக்கு உறவு. கட்டையைப் பற்றி எழுதுகிறவர் இந்தப் பெயரைத் தொட்டால் குழப்பத்தை விலைக்கு வாங்கினாற்போல.

மிஞ்சுவது கண்டல். எல்லாவற்றிலும் பழையது இதுதான். நெய்தல் நிலத்துச் சிற்றூரை நற்றிணை ‘கண்டல் வேலி’ சூழ்ந்ததாகக் காட்டுகிறது. அகராதிகள் கண்டலுக்குத் தாழை என்ற பொருளையும் தருவதால் பழம்பாட்டில் எது எந்த மரம் என்பதில் இழுபறி உண்டு. ஆனால் வழக்கில் சந்தேகமில்லை. இலங்கைத் தமிழில் இன்றும் ‘கண்டல் தாவரம்’, மலையாளத்தில் ‘கண்டல் காடு’. தமிழ்நாட்டில் மட்டும்தான் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறோம்.

இந்தச் சொல் ஒரு தடவை வெளிநாட்டுக்கும் போய் வந்திருக்கிறது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த வான் ரீட் மலபார்ச் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதிகள் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாகின. அதில் உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயர்களை அப்படியே லத்தீன் எழுத்தில் போட்டிருக்கிறார்: செறு கண்டல், பேய்க் கண்டல், கரிக் கண்டல். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் மரங்களுக்குப் பெயரிட்டபோது அந்தச் செறு கண்டலை ‘ரைசோபோரா காண்டெல்’ என்று எழுதினார். பிறகு அது தனிப் பேரினமாகி, இன்று ‘காண்டெலியா காண்டெல்’. பெயரிலும் கண்டல், குலப்பெயரிலும் கண்டல்.

சரி, கட்டைக்கு வருவோம். கண்டல் என்று உரிமையோடு சொல்லத்தக்கது ரைசோபோரா குடும்பம். அதன் கட்டை கனமானது. தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ என்றால் இது 900க்கு மேல், சில நேரம் 1000ஐத் தாண்டும். பச்சைக் கட்டையை உப்பங்கழியில் போட்டால் மிதக்காது, கல் மாதிரி இறங்கிவிடும். நிறம் செம்பழுப்பு. பட்டையில் துவர்ப்பொருள் மிகுதி. வலைக்கும் படகுப் பாய்க்கும் சாயமேற்ற மீனவர்கள் அந்தப் பட்டையைத்தான் அவித்தார்கள். நைலான் வந்ததும் அந்தப் பானைகள் கவிழ்ந்தன.

இவ்வளவு உறுதி இருந்தும் இதில் யாரும் நிலைகதவு செய்வதில்லை. ஆணி இறங்காது, உளி மழுங்கும், காயும்போது சுருங்கி வெடிக்கும். அகலமான பலகை எடுக்கும் அளவுக்கு அடிமரம் பருப்பதும் அரிது. ஆனால் நெருக்கமாக வளரும் இளமரம் ஒளி தேடி நேராக மேலே ஓடுகிறது. எனவே இது அறுக்கிற மரமல்ல, அப்படியே வெட்டி நாட்டுகிற மரம். நம்மூரில் சாரம் கட்டவும் பந்தல் போடவும் சவுக்கு எப்படியோ, உப்புக்கரை நாடுகளில் கண்டல் அப்படி.

நாட்டுகிற, தாங்குகிற அந்த உருப்படிக்குத் தமிழில் கழி என்று பெயர். உப்பங்கழியும் கழிதான், ஊன்றுகிற கோலும் கழிதான். ‘கண்டல் கழி’ என்றால் கண்டல் நிற்கும் நீரும் ஆகலாம், கண்டலை வெட்டி எடுத்த கொம்பும் ஆகலாம். நண்பரின் படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்தக் கழிகள் துபாயில் வளர்ந்தவை அல்ல. கென்யாவின் லாமு தீவுகளிலும் டான்சானியாவின் ருஃபிஜி கழிமுகத்திலும் வெட்டி, பாய்மரக் கப்பலில் ஏற்றி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து வளைகுடாவுக்குக் கொண்டுவந்தார்கள். லாமுவில் பருமனுக்கு ஒரு பெயர்: 8 செ.மீ.க்குக் குறைந்தது ‘பாவு’, அதற்கு மேல் ‘மஸியோ’, 11.5 முதல் 13.5 வரை ‘போரிட்டி’. கூரைக்கு ஏறுவது பெரும்பாலும் போரிட்டி. கழியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். பழைய அரபு வீடுகளில் அறைகள் ரயில்பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்டு கிடப்பதற்கு அதுவே காரணம். கழி ஏற்றுமதியைக் கென்யா 1982இல் தடைசெய்தது. வளைகுடா அரபியில் இந்தக் கழிக்குச் ‘சந்தல்’ என்று பெயர். கண்டல், சந்தல் என்று ஒலி ஒத்துப்போவதைக் கண்டு உடனே வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிடக் கூடாது, எதுகை சான்றாகாது.

கண்டலின் இன்னொரு வாழ்க்கை கரி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மாத்தாங் காடு சுமார் 40,000 ஹெக்டேர். 1902 முதல் முறைவைத்து வெட்டி வருகிறார்கள். மரம் 15 வயதில் ஒரு தடவை, 20 வயதில் ஒரு தடவை, நெருக்கத்தைக் குறைக்க இடைவெட்டு. அவை கழியாகப் போகும். 30 வயதில் முழுவெட்டு, அது கரிக்கு. மலாயில் இந்த மரம் ‘பக்காவ்’. கோலா செபத்தாங்கில் செங்கல்லால் கட்டிய கவிழ்த்த பானை போன்ற சூளைகள் வரிசையாக நிற்கின்றன. பட்டையைத் தட்டி உரித்த கட்டைகளை உள்ளே நிற்கவைத்து, வாயில் மட்டும் தீ மூட்டி, ஏறக்குறைய ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். உள்ளே பார்க்க வழியில்லாததால் புகையின் நிறத்தையும் மணத்தையும் வைத்தே பதம் சொல்கிறார்கள். அந்த ஊருக்குப் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் வந்தது. தண்டவாளம் போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, நான்கு மொழிகளின் எழுத்துகளில், அதில் ஒன்று தமிழ்.

பெயரில் கண்டல் இருப்பதெல்லாம் கட்டையில் கண்டல் ஆகிவிடாது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மிகுந்து நிற்பது வெண்கண்டல், அவிசென்னியா. அது வேறு குடும்பம். அதன் அடிமரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெங்காயத்தை வெட்டியது போல அடுக்கடுக்காக வளையம் தெரியும். ஆண்டு வளையம் என்று எண்ணி வயது கணக்கிடக் கூடாது. கட்டைக்கு நடுவே மெல்லிய பட்டைத் திசு மாறிமாறி வருவதால் ஏற்படும் கோடுகள் அவை. அந்தக் கோட்டோடு கழன்றுவிடும் என்பதால் தச்சருக்கு ஆகாது, அடுப்புக்கே ஆகும். பிச்சாவரத்தில் 1970கள் வரை கூறுபோட்டு மொட்டையாக வெட்டியதும் இந்தக் காட்டைத்தான். வெட்டிய இடம் பள்ளமாகி, உப்புநீர் தேங்கி, மறுபடி முளைக்காமல் போனது. பிறகு மீன்முள் போலக் கிளைவாய்க்கால் வெட்டி நீரை உள்ளே விட்டுத்தான் மீட்டார்கள். இன்று இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி இவை பாதுகாக்கப்பட்ட காடுகள்.

சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லையும் இந்தக் காட்டு மரமே. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து, கட்டையோ நெட்டி போல மென்மை. வங்கதேசத்தில் இதன் பெயர் கேவா. குல்னாவில் 1959இல் தொடங்கிய செய்தித்தாள் ஆலை சுந்தரவனத்துக் கேவாவை அரைத்துத்தான் காகிதம் செய்தது, 2002இல் மூடினார்கள். மாறாக, சோமுந்திரி வேப்பங்குடும்பத்து மரம், மகோகனிக்குப் பங்காளி. செந்நிறம், நல்ல இழை, மேசை நாற்காலிக்கு ஏற்றது. ஒரே சேற்றில் நிற்கும் மூன்று மரங்களில் ஒன்று விறகு, ஒன்று காகிதம், ஒன்று நாற்காலி.

நண்பருக்குக் ‘கண்டல் கழிக் கூரை’ என்று எழுதி அனுப்பினேன். “கழின்னா இங்க யாருக்குப் புரியும், கம்புன்னு போடவா?” என்று பதில் வந்திருக்கிறது. கம்பும் சரிதான் என்று சொல்லியிருக்கிறேன். கண்டலை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும்.