கார்ப் கவுன்டிங்: ‘மாவுச்சத்து’ என்றால் போதுமா?

கர்ப்பகாலச் சர்க்கரைநோய் இருப்பது பரிசோதனையில் தெரிந்ததும் காதில் விழுகிற சொல் ‘கார்ப் கவுன்டிங்’: சாப்பிடுவதில் எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் என்று வேளைக்கு வேளை பார்த்துக் கூட்டுவது. தமிழில் அதை ‘மாவுச்சத்தை எண்ணுதல்’ என்று சொல்கிறோம். இதில் இரண்டு சொல்லோடும் எனக்குத் தகராறு உண்டு.

முதலில் கார்போஹைட்ரேட்டின் கதை. ‘கார்போ’ என்றால் லத்தீனில் கரி, அடுப்புக்கரியேதான். ‘ஹைட்ரேட்’ கிரேக்கத்தில் நீரைக் குறிக்கும் ‘ஹைடோர்’ வழியாக வந்தது. சேர்த்துப் பார்த்தால் ‘நீரேறிய கரி’. 1844இல் கார்ல் ஷ்மிட் என்ற வேதியியலாளர் ஜெர்மன் மொழியில் இந்தப் பெயரை வைத்தார். குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஆறு கரிக்கு ஆறு நீர் என்று கணக்கு அழகாகப் பொருந்தியது. உள்ளே தண்ணீர் தண்ணீராகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. (வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்திலும் இதே விகிதம்தான். அது கார்போஹைட்ரேட் அல்ல!)

மாவுச்சத்து என்பது சரியாகச் சொன்னால் ஸ்டார்ச். தானியத்திலும் கிழங்கிலும் இருப்பது. இலங்கைப் பாடநூல்கள் இதில் கறார்: மொத்த வகைக்குக் காபோவைதரேற்று, ஸ்டார்ச்சுக்கு மாப்பொருள். தமிழ்நாட்டுப் பேச்சிலோ பகுதியின் பெயரே முழுமைக்கும் ஆகிவிட்டது. வேறு இடத்தில் இது பெரிய விஷயமில்லை, இங்கே வினையாகிவிடும். ‘மாவுச்சத்து’ என்று கேட்கிறவர் சோற்றையும் ரொட்டியையும் அளப்பார்; பழச்சாற்றையும் பாலையும் கணக்கில் விட்டுவிடுவார். அவற்றில் மாவே இல்லையே! ஆனால் பழத்தில் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் உண்டு, பாலில் லாக்டோஸ் உண்டு. இந்தச் சர்க்கரைகளும் கார்போஹைட்ரேட்தான். ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ 12 கிராம் கார்போஹைட்ரேட்.

அப்புறம் ‘எண்ணுதல்’. காயை எண்ணலாம், காசை எண்ணலாம். கிராமை அளந்து கூட்டத்தான் முடியும். வரவு செலவுக்கு எழுதுகிற மாதிரி வேளைக்கு வேளை எழுதிக் கூட்டுகிற இந்த வேலைக்குக் ‘கணக்கு’ என்ற சொல்லே பொருத்தம். என் பரிந்துரை ‘கார்போஹைட்ரேட் கணக்கு’. பேச்சில் ‘கார்ப் கணக்கு’. பாதி கடன்சொல்தான், இருக்கட்டும். தப்பாகப் புரிய வைக்கிற தனித்தமிழைவிட அது மேல்.

இந்தக் கணக்கில் 15 கிராம் கார்போஹைட்ரேட் ஒரு பங்கு. ஒரு சிறிய ஆப்பிள் ஏறக்குறைய ஒரு பங்கு. ஒரு துண்டு ரொட்டியும் அப்படித்தான். இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள்: தராசு காட்டுவது உணவின் எடை, கார்போஹைட்ரேட்டின் எடை அல்ல. வெந்த சோறு 100 கிராம் என்றால் அதில் கார்போஹைட்ரேட் சுமார் 28 கிராம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். பொட்டலத்தின் பின்பக்கம் பார்க்கும்போதும் ‘மொத்தக் கார்போஹைட்ரேட்’ வரியைப் பிடிக்க வேண்டும். சர்க்கரை அதற்குள்ளேயே அடக்கம், தனியாகக் கூட்டினால் இரட்டைக் கணக்கு. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற எழுத்துக்கு இந்தக் கணக்கில் மதிப்பே இல்லை.

கணக்கு என்றதும் குறைப்பது என்று நினைத்துவிடுவதும் உண்டு. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் கார்போஹைட்ரேட் தேவை என்பதே பரவலான பரிந்துரை. ஒரேயடியாக வெட்டினால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளை உண்டாக்கும். ஒரே வேளையில் குவியாமல் மூன்று உணவுக்கும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டிக்கும் பிரித்து வைப்பதுதான் நோக்கம். காலையில் மட்டும் பங்கு கொஞ்சம் சிறியதாக இருக்கும்; நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மதிக்கவிடாமல் செய்வதோடு விடியற்காலை ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கிற நேரம் அது. யாருக்கு எத்தனை பங்கு என்பதை ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவரும் உணவு ஆலோசகரும் முடிவு செய்வார்கள். வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே (இரண்டும் மி.கி./டெ.லி. கணக்கில்) என்பது வழக்கமாக வைக்கும் இலக்கு.