காடு துண்டாதல்: சொல் விளக்கம்

‘ஃபாரஸ்ட் ஃபிராக்மென்டேஷன்’ என்ற சூழலியல் தொடர் தமிழில் வனத் துண்டாக்கம், காடுகள் துண்டாடப்படுதல், காடு துண்டாதல் எனப் பலவாறாக எழுதப்படுகிறது. ஃபிராக்மென்ட் என்பது, உடைத்தல் என்று பொருள்படும் ‘ஃபிராங்கெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். தமிழில் துணித்தல் என்றால் வெட்டுதல்; துண்டு என்பதையும் அதன் உறவாகவே கொள்ளலாம். இலத்தீன் சொல்லுக்குள் உடைதல் இருக்கிறது, தமிழ்ச் சொல்லுக்குள் வெட்டு இருக்கிறது. சாலையும் மின்தடமும் கால்வாயும் காட்டுக்குச் செய்வது பின்னதையே என்பதால், இவ்விடத்தில் நம் சொல் மூலத்தைவிடப் பொருத்தமானது என்பேன்.

துண்டாடுதல் என்பதில் ‘நாட்டைத் துண்டாடுதல்’ என்பது போன்ற திட்டமிட்ட நோக்கம் தொனிக்கிறது. தேயிலை நட்டவர் தேயிலையைத்தான் விரும்பினார். காடு சிதற வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கத் தேவையில்லை. எனவே நிகழ்வைக் குறிக்கத் துண்டாதல் என்பதும், செய்தவரைச் சுட்ட வேண்டிய இடத்தில் துண்டாக்கம் என்பதும் தகும். முன்னது செய்தவரை மறைத்துவிடும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் வேண்டும்.

காடழிப்பும் துண்டாதலும் ஒன்றல்ல. பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் உள்ள சதுரக் காட்டின் பரப்பு 100 ஹெக்டேர். விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரை வெயிலும் காற்றும் களைகளும் ஊடுருவும் என்று கொண்டால், உட்காடாக எஞ்சுவது 64 ஹெக்டேர். அதே காட்டைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஒடுக்கமான சாலைகள் நான்காகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டிலும் 9 ஹெக்டேர் வீதம் மொத்தம் 36 ஹெக்டேர்தான் உட்காடு. வெட்டப்பட்ட மரங்கள் சொற்பம், போன உட்காடோ பாதிக்குச் சற்றுக் குறைவு.

பழந்தமிழில் இதற்கு நிகரான சொல் உண்டா என்று தேடினால் வெட்டுதலைக் குறிக்கும் சொற்களே அகப்படுகின்றன. கரிகாலனைப் புகழும் பட்டினப்பாலை ‘காடு கொன்று நாடாக்கி’ என்கிறது. நிலப் பயன்பாட்டு மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். உழவர் வழக்கில் அதே செயல் ‘காடு திருத்துதல்’; கொலை அங்கே திருத்தமாகிவிடுகிறது. கொங்குப் பகுதியில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்பவர் பெரும்பாலும் தம் சோளக்கொல்லைக்குத்தான் போகிறார். நிலம் மாறிய பிறகும் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. வெட்டிய பின் எஞ்சி நிற்பது என்ன நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்ல இச்சொற்கள் போதா. புதுச்சொல்லின் தேவை அங்கேதான் எழுகிறது.

அந்நிலையைக் கண்ணால் காண ஆனைமலையின் மேலுள்ள வால்பாறை ஏற்ற இடம். 1890களில் தொடங்கிச் சில பத்தாண்டுகளுக்குள், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டுநிலத்தின் மழைக்காட்டில் பெரும்பகுதி காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. இன்று தோட்டங்களுக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. சில ஒரு ஹெக்டேர் அளவேயானவை, மிகப் பெரியவை 300 ஹெக்டேரை எட்டுபவை. யானைகள் பகலில் இத்துண்டுகளிலும் ஓடைக்கரை மரங்களிலும் ஒதுங்கி, இருட்டிய பின் தேயிலைக்குள் இறங்கி அடுத்த துண்டுக்கு நடக்கின்றன. அவை நிற்கும் இடத்தைத் தொழிலாளர்களுக்கு அறிவிக்கக் கைப்பேசிக் குறுஞ்செய்தியும், கைப்பேசியாலேயே எரியவைக்கும் சிவப்பு விளக்குகளும் அங்கே பயன்படுகின்றன. மரத்தை விட்டு இறங்கத் தயங்கும் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, புதுத்தோட்டத்தில் தார்ச்சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. இருபுறத்துக் கிளைகளும் சாலைக்கு மேல் கூடாத இடங்களில் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். சில மீட்டர் இடைவெளிதான். துண்டாதல் என்ற சொல்லின் முழுப்பொருளும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். சிறிதாகத் தனித்து நிற்கும் காடெல்லாம் துண்டு ஆகாது. நீலகிரியின் உச்சிப் பள்ளத்தாக்குகளில் புல்வெளி சூழ நிற்கும் சோலைகள் இயல்பிலேயே அப்படி அமைந்தவை; ‘ஷோலா’ என்று ஆங்கிலம் நம்மிடமிருந்து கடன் வாங்கியதும் அச்சொல்லையே. அவற்றைத் திட்டு என்பதே முறை: ஆற்றின் நடுவே மணல்திட்டு இருப்பது போல அவை அங்கே இருக்கின்றன, எவரும் வெட்டி எடுத்தவை அல்ல. நீலகிரியில் துண்டானது புல்வெளி. சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டு நிரப்பப்பட்டதால் அது சிதறியது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை, அதாவது மரத்தலைகள் நிலத்தை மூடும் அளவு, பத்து விழுக்காடு இருந்தாலே, நிலப் பயன்பாடு எதுவாயினும், இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வனப்பரப்பாகக் கணக்கிடுகிறது. ஆகவே அந்தச் சீகைக்காடும் கணக்கில் வனமாகவே பதிவாகும்.